அணைத்து வைத்த வலது பாதி

கடத்தூரில் எங்களுடையது டைப்பிங், ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ் நான், டைப்பிங் என் மனைவி. போன வருஷம் பக்கவாதம் வந்து அவளுடைய வலது கை விழுந்துவிட்டது. தமிழ் டைப்ரைட்டர் முறையில் புள்ளி, கால், த, ம எல்லாம் வலது கைப் பக்கம். அவை இல்லாமல் ஒரு பட்டா மனு அடிக்க முடியுமா? கடைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

அவளை மறுபடி அந்த நாற்காலியில் உட்கார வைக்க, எழுத்துகளை நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளும் கீபோர்டு ஒன்றை வரவழைத்தேன். ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்தால் இடது பாதியிலேயே வலது பாதி எழுத்துகள் வரும். அதற்கான ஃபர்ம்வேரை, கீபோர்டுக்குள் ஓடும் புரோகிராமை, ஏற்றும்போது விளக்கெல்லாம் அணைந்துவிட்டது. கீபோர்டின் மேல் காதை வைத்து மூச்சு இருக்கிறதா என்று பார்த்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். குலசாமிக்குக் கிடாய் வேண்டிக்கொண்ட பிறகுதான், ஏற்றுகிற நேரத்தில் அணைவது அதன் சுபாவம் என்று படித்தேன். ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். உள்ளே அவள் கிடக்க, வெளியே பயத்தில் நர்ஸம்மாவுக்கு ஜோக் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வலது கை சரிந்து விழுந்து கண்டதையும் அடித்துவிடுமே என்று, வலப்பக்க எழுத்துகளை வேலை செய்யாதபடி அணைத்து வைத்தேன். அந்த மூளையை நானே மெச்சிக்கொண்டேன். அவளிடம் சொல்லத் தோன்றவில்லை.

வந்து உட்கார்ந்தாள். இடது கையால் ஒரு வரி அடித்தாள், தடுமாறினாலும் வந்தது. நான் டீ வாங்கித் திரும்பியபோது, வலது கையைத் தூக்கி வைத்து, விரல்களைப் பழைய இடங்களில் ஒவ்வொன்றாகப் பொருத்தியிருந்தாள், ஆள்காட்டி விரல் ‘த’வின் மேல். கண் திரையிலேயே இருந்தது.

“ஆள்காட்டி விரலு அசைஞ்ச மாதிரி இருந்துச்சுங்க. அமுத்துனேன். ஒண்ணும் வரல.”

அந்தப் பாதியை நான்தான் அணைத்து வைத்தேன் என்று பதறிச் சொன்னேன். அவள் லேசாகச் சிரித்தாள்.

“வுடுங்க. என்னைத் தேத்தறதுக்கு நீங்க எதையாச்சும் சொல்லுவீங்க.”

தலைமேல் சத்தியம் செய்தேன். பொய்ச் சத்தியம் செய்து அவளைச் சிரிக்க வைப்பது என் பழைய வழக்கம். அவசரமாக வலது பாதியைத் திறந்து மறுபடி ஏற்றினேன். அதற்குள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இப்போது தினமும் வருகிறாள், இடது கையாலேயே மனு அடிக்கிறாள். வலது கையை அங்கே வைக்கச் சொன்னால், வேலை கிடக்கிறது என்கிறாள். அன்றைக்கு விரல் அசைந்ததா, கையின் கனத்தில் அழுந்தியதா, எனக்கும் தெரியாது. ஒரு ‘த’ வந்திருந்தால் போதும்.