பத்தே காலுக்குக் கிளம்பிய வண்டி

எங்கள் வீட்டில் இருந்த மோட்டார் வண்டியைப் பற்றி இன்றைக்குப் பேச்சு வந்தாலும் எல்லோரும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: நம்பி ஏற முடியாத வண்டி. நான் வாயைத் திறப்பதில்லை. ஆனால் அந்த இஞ்சினைப் பற்றி அந்த வீட்டில் என்னைவிட அதிகம் படித்தவர்கள் இல்லை.

நான் கல்யாணமாகிச் சோழவந்தானுக்கு வந்தபோதே அது பழைய வண்டி. இரண்டு கை மாறி வந்தது. கூடவே வந்த ஆங்கிலப் புத்தகம் படிக்க ஆளில்லாமல் சீட்டுக்கு அடியில் கிடந்தது. நான் மதுரையில் பத்தாவது வரை படித்தவள் என்று என் கணவர் அதை என் கையில் கொடுத்தார்.

"டீச்சரம்மா, என்ன எழுதியிருக்கான்னு வாசிச்சுச் சொல்லு பாப்போம்."

வெற்றிலைக் கொடிக்காலிலிருந்து அவர் வந்து உட்கார்ந்ததும் ஒரு பக்கம் வாசித்துத் தமிழில் சொல்வேன். முதல் வருஷம் நாங்கள் பேசிக்கொண்டதில் பாதி அந்த இஞ்சினைப் பற்றித்தான். இப்போது நினைத்தால் அதுதான் நல்ல பாதி.

நான்கு சிலிண்டர்களும் ஒரே இரும்பு வார்ப்பு. ஓரிடத்தில் விரிசல் விட்டால் முழுவதும் போயிற்று. பெட்ரோலைத் தள்ள பம்பு கிடையாது. சீட்டுக்கு அடியிலிருந்து தானாக இறங்கும். டாங்கியில் குறைவாக இருந்தால் மேட்டில் இறங்காது. வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாகத்தான் ஏற்ற வேண்டும். தெருவே கைகொட்டிச் சிரிக்கும். தண்ணீருக்கும் பம்பு இல்லை. சூடான தண்ணீர் தானே மேலேறி ரேடியேட்டருக்குப் போகும், ஆறியது கீழிறங்கி இஞ்சினுக்கு வரும். மேல் குழாய்க்குக் கீழே தண்ணீர் குறைந்தால் அந்தச் சுற்று நின்றுவிடும். இவ்வளவு எளிய இஞ்சினில் கெட்டுப்போக என்ன இருக்கிறது? நான் பார்த்த நான்கு வருஷத்தில் டயர்தான் மாற்றினார்கள். காலையில் கைப்பிடியை இரண்டு சுற்றுச் சுற்றினால் பிடித்துக்கொள்ளும். அடுப்படியில் இருந்தபடியே, நான்கில் ஒன்று சரியாக வெடிக்கவில்லை என்றால் எனக்குச் சத்தத்தில் தெரியும்.

இரண்டு விஷயங்களை அந்தப் புத்தகம் அழுத்திச் சொல்லியிருந்தது. வண்டியை நிறுத்தி வைத்து இஞ்சினை வெகுநேரம் ஓட விடக் கூடாது, தண்ணீர் கொதித்துவிடும். கொதித்து வற்றிய இஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றவே கூடாது, இரும்பு விரிசல் விடும், ஆற விட வேண்டும். டிரைவர் அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இத எழுதுனவன் சித்திரை வெயில்ல வைகை மணல்ல வண்டி ஓட்டிருக்கானா தாயி? பச்சத் தண்ணி ஊத்தாம பன்னீரா ஊத்துவாக?"

அதற்குப் பிறகு நான் வற்புறுத்தவில்லை. பாடம் நடத்துகிறாள் என்று பெயர் வாங்க எனக்குப் பயம்.

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. இரண்டு நாள் காய்ச்சல். வெள்ளிக்கிழமை விடிந்தபோது மூச்சு இழுக்கும் சத்தம் ரம்பம் அறுப்பதுபோல் இருந்தது. பத்து மணிக்கு உள்ளூர் டாக்டர் வந்து தொண்டையில் வெள்ளையாகப் படர்ந்திருந்ததைப் பார்த்தார். "தொண்டை அடைப்பான். மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போங்க. அங்கதான் ஊசி இருக்கு" என்றார். காலை ரயில் போயிருந்தது. என் கணவர் ஆற்றுக்கு அக்கரைக் கொடிக்காலில் இருந்தார். ஆள் விட்டோம்.

"நாம போயிருவோம் அத்தை, அவுக பின்னால வரட்டும்" என்றேன்.

"ஆம்பள இல்லாம அங்க போயி யாருகிட்ட என்னன்னு சொல்லுவ?" என்றார் மாமியார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரைக்கு ராகு காலம். அதில் கிளம்பக் கூடாது. அதனால் பரஸ்தானம் என்றார். ஊருக்குப் போகிறவர்கள் நல்ல நேரத்தில் ஒரு மூட்டையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் கிளம்பியதாகக் கணக்கு. எங்களிடம் மூட்டை இல்லை. "வண்டிய எடுத்துத் தெருவுல விட்டு ஓட விட்டு வையிப்பா. கெளம்புன வண்டி கெளம்புனதுதான். அவன் வந்து ஏறிக்கிரட்டும்."

பத்தே காலுக்கு எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டி வாசலைத் தாண்டி, கிழக்குப் பார்த்து, நின்றபடியே ஓடியது.

நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். என் காதில் இரண்டு சத்தங்கள்: அவள் மூச்சு, இஞ்சின். இரண்டையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தேன். பத்தே முக்காலுக்கு ரேடியேட்டர் மூடியில் ஆவி கிளம்பியது.

"ஆத்தா, தண்ணி கொதிக்குது. அமத்திருவோமா?" என்றார் டிரைவர் அண்ணன்.

"அமத்துனா மறுபடி கெளப்பணும்ல? ராகு காலத்துலயா? பிள்ளைக்கு ஆகாதப்பா. தண்ணி கொதிச்சா தண்ணிய ஊத்து" என்றார் மாமியார்.

டிரைவர் அண்ணன் துணியைச் சுற்றி மூடியைத் திறந்தார். ஆவி சீறி அடங்கியது. ஒரு குடம் கிணற்றுத் தண்ணீரை எடுத்து வந்தார்.

"அண்ணே, ஊத்தாதீக, புத்தகத்துல..." என்றேன்.

"இங்க உசுரு போகுது, உனக்குப் புத்தகமா?" என்றார் மாமியார்.

நான் இறங்கிப் போய்க் குடத்தைப் பிடித்திருக்கலாம். தோளில் குழந்தை இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பத்து மணிக்கே நான் புறப்பட்டிருக்கலாமே, அப்போது எது தடுத்தது? தண்ணீர் விழுந்தது. உள்ளே எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை.

என் கணவர் பதினொன்றே காலுக்கு ஓடி வந்து ஏறினார். தேனூர் தாண்டியதும் புகை வெள்ளையாக வந்தது. ஒரு சிலிண்டர் நின்றது, பிறகு இன்னொன்று. மற்ற இரண்டும் எங்களை இழுத்துக்கொண்டு இரண்டு மைல் வந்தன. அதை நான் மறக்க மாட்டேன். சமயநல்லூருக்கு முன்னால் அவையும் நின்றன. என் கணவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் ஓடினார், பின்னால் நாங்கள். திண்டுக்கல்லிலிருந்து வந்த பஸ் கிடைத்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி. குழந்தையின் உதடு நீலமாகியிருந்தது.

"இம்புட்டு நேரமா? எப்பக் கெளம்புனீக?" என்று டாக்டர் அதட்டினார்.

"பத்தே காலுக்கே கெளம்பிட்டோம் சாமி" என்றார் என் மாமியார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஊசி போட்டார்கள். ஆனால் அதற்கு முன்னால் கழுத்தில் துளை போட்டுத்தான் மூச்சு விடவைக்க வேண்டியிருந்தது. பிழைத்துக்கொண்டாள். குரல் திரும்பவில்லை. காற்று மட்டும் வருகிறது. பக்கத்தில் இருந்தால்தான் கேட்கும்.

நல்ல நேரத்தில் கிளம்பியதால் உயிர் தங்கியது என்றும், பாழாய்ப்போன வண்டியால் குரல் போனது என்றும் வீட்டில் முடிவாயிற்று. வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். அந்தப் புத்தகத்தை என் கணவர் பிறகு கேட்கவே இல்லை.

இப்போது அவளுக்கு ஆறு வயது. தெருவில் விளையாடினால் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை போய் எட்டிப் பார்க்கிறேன். விழுந்தால் அவள் கூப்பிடுவது எனக்குக் கேட்காது. போன வாரம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், "ஒனக்கு ஏன்டி கொரலு இப்படி?" என்று கேட்டார்கள். அவள் வாயைக் காதருகே வைத்துச் சொன்னாள். கேட்ட பிள்ளை மற்றவர்களுக்கு உரக்கச் சொல்லியது: "அவுக வீட்டுக் காரு கெட்டுப்போச்சாம்!"

போய்த் திருத்தலாம் என்று வாசல்வரை வந்தேன். உள்ளே மாமியார் இருந்தார். திரும்பிவிட்டேன். கார் கெட்டுப்போகவில்லை, கண்ணே.