போடாத கியர்

தொழிற்சாலையில் அவருக்குப் 'பூட்டு' என்று பெயர். ஸ்டோர் கீப்பர் வேலை. பேரிங், பெல்ட், போல்ட்டு, நட்டு என்று மெஷின்களுக்கு வேண்டியதெல்லாம் அவருடைய கம்பிவலைக்குப் பின்னால் அடுக்கடுக்காக இருக்கும். இருக்கும், அவ்வளவுதான், வெளியே வராது. மெஷின் நின்றுபோய், ஃபிட்டர் மூச்சிரைக்க ஓடி வந்து பேரிங் கேட்டால், "ஒண்ணுதான் இருக்கு. அதையும் குடுத்துட்டா நாளைக்கு அவசரம்னா என்ன பண்றது?" என்பார். மெஷின் நின்றதுதானய்யா அவசரம்! அது அந்த மண்டையில் ஏறாது. நாய் பெற்ற தெங்கம்பழம் என்று சும்மாவா சொன்னார்கள்? மேலதிகாரிகள் மட்டும் அவரை மெச்சிக்கொண்டார்கள். சரக்கு குறைவதே இல்லையாம்.

கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சனையாவது ஒரு ரகத்தில் சேர்க்கலாம். இவர் வாங்குவார், நல்லதாகப் பார்த்துத்தான் வாங்குவார். வாங்கியதைத் தொட விடமாட்டார். சோபாவுக்குக் கடைக்காரன் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறை இன்னும் அப்படியே இருக்கிறது. உட்கார்ந்தால் சரசரக்கும், எழுந்தால் தொடையோடு ஒட்டிக்கொண்டு வரும். பூப்போட்ட தட்டுகள் கண்ணாடி அலமாரியில் வரிசையாக நிற்க, வீட்டு ஆட்கள் நெளிந்த தட்டில் சாப்பிடுவார்கள். "பெரிய மனுஷங்க யாராவது வந்தா எடுக்கலாம்" என்பார். இதுநாள்வரை வந்த எவரும் அந்த அளவுக்குப் பெரிய மனிதராக இருக்கவில்லை.

இந்த மகானோடு குடும்பம் நடத்தியவள் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தாள். நாள் முழுக்க ஊராரை வாயைத் திறக்கச் சொல்கிறவள் வீட்டுக்கு வந்தால் தன் வாயைத் திறக்கமாட்டாள். திறந்துதான் என்ன பயன்? எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான்.

அப்புறம் அந்த வண்டி வந்தது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. ஃபேக்டரிக்கும் மார்க்கெட்டுக்கும் போய்வர அது எதற்கு என்று கேட்கக் கூடாது. மெயின் கியருக்குப் பக்கத்தில் குட்டையாக இன்னொரு கியர் இருந்தது. அதன் குமிழுக்கு மட்டும் பாலிதீன் உறை. வீட்டுக்கு யார் வந்தாலும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவார்.

"இதைப் போட்டா முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். செங்குத்தா மலை ஏறும், தெரியுமா?"

"ஏறிப் பாத்திருக்கீங்களா?"

"ஏறணும்னா ஏறும்ல?"

வண்டி வாங்கி வருஷக்கணக்காகியும் அந்த கியரை அவர் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. போட்டால் தேய்ந்துவிடுமாம்.

ஒரு நாள் விடிகிற நேரத்தில் அவளுக்கு ஃபோன் வந்தது. மலைமேல் இருக்கிற அக்காவின் மகன் பேசினான்.

"சித்தி, அம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. பேச்சு குழற ஆரம்பிச்சிடுச்சு. பேச்சே நின்னு போயிடும்னு டாக்டர் பயப்படுறாரு. உங்ககிட்ட ஏதோ பேசணும்னு, ஃபோன்ல வேண்டாம் நேர்லதான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. சீக்கிரம் வாங்க."

தாயில்லாத வீட்டில் அவளுக்குத் தலைவாரிவிட்டு, சோறு போட்டு ஆளாக்கியவள் அந்த அக்கா. அவள் பேச்சு நிற்பதற்குள் போய்ச் சேரவேண்டும். அதைத் தவிர அன்றைக்கு உலகத்தில் அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அடிவாரத்துக்குப் பஸ் உண்டு, அங்கிருந்து வாடகை ஜீப் உண்டு. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியும்விட்டாள்.

"பைத்தியமா உனக்கு?" என்று பூட்டு வழிமறித்தார். "வாசல்ல ஃபோர் வீல் வண்டி நிக்குது, ஜீப்புக்குப் போறாளாம்!"

அவள் நம்பினாள். பாவம், எல்லாம் தெரிந்தவள்தான், அன்றைக்கும் நம்பினாள்.

தார் ரோடு முடிகிற இடத்தில் வண்டி நின்றது. எதற்கு? கல் தெறித்து பெயின்ட் போய்விடும் என்று, கதவுகளுக்குப் பழைய போர்வை கட்டுவதற்கு! அவள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, அவர் நிதானமாக ஒவ்வொரு முடிச்சாகப் போட்டார். அதன் பிறகும் முள் கிளை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் இறங்கி, அதை ஒடித்துவிட்டுத்தான் நகர்ந்தார். வாடகை ஜீப் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு அவர்களைத் தாண்டி மேலே போயிற்று. அதில் ஓர் இடம் காலியாக இருந்ததை அவள் பார்த்தாள்.

பாதி மலையில், பாதை வளைந்து ஏறுகிற இடத்தில் சேறு. பின்சக்கரம் இரண்டும் ஒரே இடத்தில் சுற்றின. வண்டி முன்னே போவதற்குப் பதில் சேற்றுக்குள் இறங்கிற்று.

"ஏங்க, அந்தச் சின்ன கியரப் போடுங்க."

"இதுக்கெல்லாம் அதைப் போடக் கூடாது. அது அவசரத்துக்கு."

"இதவிட என்னங்க அவசரம்? அங்க அக்காவுக்குப் பேச்சு நின்னு போயிட்டிருக்கு!"

"நீ இறங்கி ரெண்டு கல்லு பொறுக்கிப் போடு. பேசிக்கிட்டே நிக்காத."

கல் பொறுக்கிப் போட்டாள். கிளைகளை முறித்துப் போட்டாள். பின்னால் நின்று தள்ளினாள். சேறு தலையிலிருந்து கால்வரை அபிஷேகம் ஆயிற்று. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற இந்த ஆளை என்னவென்று சொல்வது? மலைக்காகவே செய்த வண்டியை மலைமேல் கொண்டுவந்து, மனைவியை இறக்கிவிட்டுத் தள்ளச் சொல்கிற ஜென்மம் வேறு எங்காவது உண்டா?

வெயில் உச்சிக்கு வந்த பிறகு அவருக்கு மனம் இறங்கியது. பாலிதீன் உறையைக் கிழிக்காமல், அதன் மேலேயே கை வைத்து அந்த கியரை இழுத்தார். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். காலை முட்டுக்கொடுத்து இழுத்தார். ஒரு நாளும் அசைக்காத கியர் உள்ளே துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. கடைசியில் குமிழ் மட்டும் கழன்று உறையோடு கையில் வந்தது.

"ஐயோ, குமிழு கழண்டுடுச்சே!" என்றார்.

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"நான் நடக்கிறேன். நீங்க வர்றீங்களா?"

"வண்டியத் தனியா விட்டுட்டு எப்படி வர்றது?"

அவள் திரும்பிப் பார்க்காமல் ஏறினாள். செருப்பு ஒன்று சேற்றோடு போயிற்று. மற்றதையும் கழற்றி எறிந்தாள். போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

ஜன்னலோரக் கட்டிலில் அக்கா கிடந்தாள். கண் மட்டும் இவளைக் கண்டு அகலமாக விரிந்தது. உதடு அசைந்தது. காற்றுதான் வந்தது, சொல் வரவில்லை.

"மத்தியானம் வரைக்கும் பேசிக்கிட்டுத்தான் சித்தி இருந்தாங்க" என்றான் அக்கா மகன். "'வந்துட்டாளா, வந்துட்டாளா'ன்னு வாசலையே பாத்துக்கிட்டு..." அவன் வெளியே போய்விட்டான்.

மத்தியானம் அவள் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மரம் ஏற்றுகிற லாரிக்காரர்கள் கயிறு கட்டி இழுத்துவிட, இருட்டுவதற்குள் பூட்டும் வந்து சேர்ந்தார். வாசற்படியில் நின்றே ஆரம்பித்தார். "அந்தப் பாவிங்க கயிறு கட்டின லட்சணத்தப் பாத்தியா? பம்பர் ஓரமா இவ்வளவு நீளத்துக்குக் கீறல்!" பிறகு கட்டிலைப் பார்த்தார். "என்ன அண்ணி, எப்படி இருக்கீங்க?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டுவிட்டு, மறுபடி கீறலுக்கு வந்தார்.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் ஆளுக்குக் கொஞ்சம் தகுதி வேண்டுமே! காலில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தாள்.

"நீங்க கெளம்புங்க" என்றாள். "மழை வர்ற மாதிரி இருக்கு. நனைஞ்சா வண்டிக்கு ஆகாது."

மானமுள்ள எவனாக இருந்தாலும் செருப்படி பட்டதுபோல் இருந்திருக்கும். பூட்டு வெளியே எட்டி வானத்தைப் பார்த்தார்.

"அதுவும் சரிதான். நீ?"

"நான் இருக்கேன்."

"எத்தன நாளைக்கு?"

"வண்டி நனையப்போகுதுங்க."

மனிதர் அவசர அவசரமாகப் படியிறங்கிப் போனார். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. அக்காவின் வாய் ஒரு பக்கமாகக் கோணிற்று. வலிக்கிறதோ என்று பதறிக் குனிந்தாள். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல், பாதி வாயால், தோள் குலுங்கச் சிரித்தாள். இவளும் சேர்ந்து சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள், வந்தது அழுகை. அக்கா என்ன சொல்ல இருந்தாள் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.