காய்ச்சல் வந்தால் எந்தக் கட்டில்

அம்மாவை எங்கே அடக்கம் செய்வது என்று அவர் இறந்த மருத்துவமனையில் கேட்டார்கள். மாலைக்குள் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியவில்லை.

அம்மா சர்வதேச வரி வழக்கறிஞர். கப்பல் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், நான் பிறந்த பிறகு மாலை வகுப்பில் சட்டம் படித்தார். நான் பொறியியல் சேர்ந்த வருடம், எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சட்ட நிறுவனத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கே ஒரு வாடகை வீடு. விடுமுறை கிடைத்தால் இந்தப் பக்கம் அப்பாவும் நானும் இருந்த எங்கள் வீடு.

இரண்டு நாடுகளில் வீடு வைத்திருப்பவரிடம் இரண்டு அரசுகளும் வரி கேட்கும். அவர் உண்மையில் எங்கே வாழ்கிறார் என்று நிறுவுவதுதான் அம்மாவின் வேலை. வருகிறவர்களிடம் முதலில் பத்திரம் கேட்கமாட்டார். "காய்ச்சல் வந்தா எந்த வீட்டுக் கட்டில்ல போய் விழுவீங்க?" என்பார். பெரிய முதலாளிகள் திருதிருவென்று விழிப்பார்களாம்.

மருத்துவமனையிலிருந்து அம்மாவின் வாடகை வீட்டுக்குப் போய்த் திறந்து பார்த்தேன். மெத்தையின் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. எங்கள் வீட்டில் அவருடைய அலமாரியை எப்போதோ நான் எடுத்துக்கொண்டுவிட்டேன்.

அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்கடியில் செருப்பு, சால்வை, முட்டிவலித் தைலம். இருபது வருடம் அவருடன் இருந்த டைப்பிஸ்ட் அக்கா காட்டினார்.

"காய்ச்சல்னா ரெண்டு நாற்காலிய சேத்துப் போட்டுப் படுத்துப்பாங்க தம்பி. வீட்டுக்குப் போங்கன்னா, எந்த வீட்டுக்குடின்னு என்னையே திருப்பிக் கேப்பாங்க." சிரிக்கத் தொடங்கி, சால்வையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இங்கயே இருக்கட்டுமே. ஞாயித்துக்கிழமையில நான் போய்ப் பாத்துக்கறேன்."

நியாயம் அவர் பக்கம்தான். அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"இங்கயே அடக்கம் பண்ணிடலாமாப்பா? அம்மா வாழ்ந்தது இங்கதான்."

"ஆமா. வாதாடினா உன் பக்கம்தான் ஜெயிக்கும்."

"அப்ப சரியா?"

அப்பா பக்கம் குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது.

"எனக்கு அவகூட இருந்து பழக்கமில்லடா. அவ வருவான்னு இருந்துதான் பழக்கம். அங்கயே நீ விட்டுட்டு வந்தேன்னா, நாளைலேர்ந்து நான் என்ன பண்றது?"

நான் பாலங்களுக்குக் கணக்குப் போடுகிறவன். எடை எங்கே இறங்குகிறது என்று பார்ப்பதே என் தொழில். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அம்மாவை ஊருக்கே கொண்டுபோவதாக டைப்பிஸ்ட் அக்காவிடம் சொன்னேன். சால்வையை மடித்து என்னிடம் தந்தார். நான் அதை வாங்கிக்கொள்ளவில்லை. "உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா" என்றேன்.

எல்லைச் சாவடியில் அதிகாரி வண்டிக்குள் இருந்த சவப்பெட்டியை எட்டிப் பார்த்து, "எங்க போறாங்க?" என்று கேட்டார்.

"வீட்டுக்கு" என்றேன்.

அம்மா எதிர்த்தரப்பில் இருந்திருந்தால், இந்தப் பதிலை ஒரே கேள்வியில் உடைத்திருப்பார். அதிகாரி கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் கையசைத்தார்.