பழுதில்லாத இசைத்தட்டு

இன்று சிரம்பானில் ஒரு பழைய பொருள் கடையில் என் கணவர் பாடிய இசைத்தட்டைக் கண்டேன். எங்களிடம் இருந்த ஒரே தட்டு வீடு மாறியபோது உடைந்துவிட்டது. அவரும் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

"அது வேணாம்லா ஆண்டி," என்றார் கடைக்காரர். "பாட்டு பாதியிலேயே நின்னுடுது. தூக்கிப் போடத்தான் வெச்சிருக்கேன்."

"தட்டில் கோளாறு இல்லை. அந்தப் பாட்டே அங்கேதான் முடியும்," என்றேன்.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில், லிங்கிப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து முள்வேலிக்கு வெளியே ஒரு கோப்பிக்கடை இருந்தது. பால்மரம் வெட்டிப் பாலெடுத்துவிட்டு வந்து, அவர் அங்கே சொந்தப் பாட்டுகளைப் பாடுவார். ஆறு மணிக்குச் சங்கு ஊதினால் ஊரடங்கு, கேட்டை மூடிவிடுவார்கள். அவரும் பாட்டை அப்படியே விட்டுவிட்டுக் கூட்டத்தோடு ஓடிவருவார். தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியின் மகளான நான், கான்வென்ட் பாடப் புத்தகத்தை விரித்துவைத்து ஜன்னலில் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பிறகு சிங்கப்பூரில் ஒலிப்பதிவு செய்தபோது, "கடைசி வரி எங்கே?" என்று கேட்டார்களாம்.

"எங்க ஆளுங்க யாரும் அதைக் கேட்டதில்லைங்க. இப்படியே இருக்கட்டும்," என்றாராம்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்த வரியை எனக்கு மட்டும் பாடிக் காட்டினார்.

"அப்ப நீங்க பாடுங்க ஆண்டி, கேட்போம்!" என்றார் கடைக்காரர்.

"கடையில் நின்று பாடுகிற வழக்கம் எனக்கில்லை," என்று சொல்லித் தட்டை வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, அதைப் போட்டுக் கேட்க என்னிடம் பெட்டி இல்லை.

இதைப் படிக்கிற உங்களில் யார் வீட்டில் அந்தப் பெட்டி இருக்கிறது? தட்டோடு வருகிறேன். அவர் நிறுத்தும் இடத்திலிருந்து நான் பாடுகிறேன். சுருதியைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது.