ஆர்லினின் பதினேழு கஜம்

வில் வேட்டைக்கு அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆளுக்கா பஞ்சம்? ஆனால் ஆர்லின் மாதிரி ஒரு பிடிவாதக்காரரைப் பார்க்க முடியாது. வருடாவருடம் செப்டம்பரில் ஒரு காலை, வேட்டைக்குப் போடும் அதே கனத்த கோட்டோடு கொல்லையில் போய் நிற்பார். வைக்கோல் கட்டின்மேல் குத்திய காகிதத் தட்டுக்கு ஒரே அம்பு. பட்டால் அந்தத் தூரம்தான் அந்த வருடத்து எல்லை; அதற்கு அப்பால் நிற்கும் மான்மேல் அம்பு விடமாட்டார். தவறினால் ஒரு கஜம் கிட்டே வந்து, மறுநாள் இன்னொரு அம்பு. முப்பது வயதில் முப்பது கஜம். அறுபதைத் தாண்டியதும் பதினேழு.

அக்டோபர் கடைசியில் பெரிய கொம்போடு ஒரு மான் வந்து பத்தொன்பது கஜத்தில் நின்று மேய்ந்தது. மரத்தின்மேல் காத்திருந்த ஆர்லின் வேடிக்கை பார்த்துவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

மனைவி கோரினின் தம்பி டெல்மருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ரெண்டு கஜத்துக்காகவா விட்டீங்க அத்தான்? நானா இருந்தா அறுபதுலயே போட்டிருப்பேன்!"

"அப்ப அறுபதுல நின்னு தட்டை அடி மாப்ள. ஒரே அம்பு."

டெல்மர் புது வில்லோடு கொல்லைக்கு வந்து கோட்டைக் கழற்றினான். "முதல்ல பத்து அம்பு விட்டுக் கையைப் பழக்கிக்கிறேன்."

"தாராளமா. அதுவரைக்கும் மானுக்கு ஒரு காபி குடுத்து உக்கார வைக்கட்டுமா?"

ரோஷத்தில் டெல்மர் உடனே விட்டான். அம்பு தட்டையும் வைக்கோலையும் தாண்டிப் போய்க் கோழிக்கூண்டுக் கதவில் குத்தியது. சத்தம் கேட்டு வந்த கோரின் கதவைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

"நாளைக்கு ஒரு கஜம் கிட்ட வாடா தம்பி. இப்படியே வந்தா கிறிஸ்துமஸுக்குத் தட்டைக் கையாலயே தொட்டுடலாம்."