கிராணியின் ஹாரன்

ஜப்பான்காரன் வந்ததும் எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை காரைப் போட்டுவிட்டு ஓடினார். தோட்ட ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி அதில் ஏறி உட்கார்ந்துகொண்டார். துரைக்கு ஓட்டிய நானே அவருக்கும் டிரைவர். துரை ஹாரன் அடிக்கச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. இவருக்கோ அது இல்லாமல் மூச்சே வராது. கூலிகள் குடியிருக்கும் லயத்தைக் கடக்கும்போது அடிக்க வேண்டும், வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும். கோழி குறுக்கே வந்தாலும் அடி. ஒருவருமே இல்லாவிட்டாலும் அடி. "நான் வாரேன்னு தெரிய வேணாமாடா?" என்பார். தெரிந்து என்ன செய்ய? அரிசிக்கு வழியில்லாமல் மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டிருந்த சனம் இவருக்கு ஆரத்தி எடுக்குமா?

என் பெண்சாதிக்குத் தலைப்பிரசவம். இரண்டு நாளாக வலி, பிள்ளை இறங்கவில்லை. பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகாவிட்டால் இரண்டு உயிரும் மிஞ்சாது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். கிராணிக்கும் அன்று அங்கே வேலை இருந்தது. காலில் விழாத குறையாகக் கேட்டேன். பின் சீட்டை அவளுக்கு விட்டு முன்னால் உட்கார்ந்தார். அதையே வழியெல்லாம் பத்துத் தடவை சொல்லிக்காட்டினார்.

ஊருக்கு வெளியே ஜப்பான் சிப்பாய் ஒருவன் காவல் நின்றான். யாராக இருந்தாலும் இறங்கி, குனிந்து வணங்கிவிட்டுத்தான் போக வேண்டும். எங்களுக்கு முன்னால் ஒரு மாட்டுவண்டி. அதன் வண்டிக்காரர் இறங்கிக் குனிந்துகொண்டிருந்தார்.

"அடிடா ஹாரன!"

"சிப்பாய் நிக்கிறானுங்க ஐயா. வண்டிக்காரரு கும்பிட்டு முடிக்கட்டும்."

"ஒன் பொண்டாட்டிக்காகத்தான்டா சொல்றேன்!" என்று கையை நீட்டி அவரே ஓர் அமுக்கு அமுக்கினார்.

சிப்பாய் பாய்ந்து வந்தான். கிராணி கீழே குதித்து, நெற்றி முழங்காலில் முட்டுமளவு குனிந்தார். குனிந்தபடியே என்னை நோக்கி விரலைக் காட்டினார். அடப்பாவி! கன்னத்தில் இரண்டு அறை எனக்கு. தலைக்குமேல் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்க வைத்தான். காருக்குள் அவள் அலறுகிறாள். கிராணிக்கு ஹாரன் அடிக்கத் தெரியும், கார் ஓட்டத் தெரியாது. மரநிழலில் போய் நின்றுகொண்டார்.

வண்டிக்காரர்தான் திரும்பி வந்தார். சிப்பாயிடம் தன் வயிற்றைத் தொட்டுத் தொட்டுக் காட்டி, மறுபடி குனிந்து, அவளைக் கைத்தாங்கலாகத் தன் வண்டியில் ஏற்றினார். "நான் கொண்டுபோயி சேக்கிறேன்லா தம்பி, பயப்படாதே," என்றார். கல்லும் கையுமாக அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே பெண் பிறந்தாள். இருவரும் பிழைத்தார்கள்.

மறுநாள் கிராணி, "பாத்தியா, நான் கார் குடுத்ததாலதான் ஒன் பொண்டாட்டி பொழச்சா," என்றார். காரைத் துடைக்கிற சாக்கில் ஹாரன் ஒயரைப் பிடுங்கி எறிந்தேன்.

"என்னடா, சத்தத்தக் காணோம்?"

"கெட்டுப்போச்சுங்க ஐயா. சண்டைக்காலம், சாமான் கெடைக்காது."

ஜப்பான்காரன் போகும்வரை எனக்குச் சாமான் கிடைக்கவேயில்லை. வழியில் மாட்டுவண்டி போனால் அதன் பின்னாலேயே ஊர்ந்தேன். முந்த இடமிருந்தாலும் முந்தவில்லை. பின் சீட்டில் ஐயா நெளிவார். நெளியட்டும்.