இரண்டு வினாத்தாள்கள்

ஒரே கணக்கு, ஒரு தாளில் ஆங்கிலத்தில், மற்றதில் தமிழில். கணக்கு டீச்சர் தம் கைப்பட எழுதிய அந்த இரண்டு வினாத்தாள்களை என் மேசைமேல் வைத்த காலை இன்றும் நினைவிருக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்து வந்தேன். மொழிப்பாடம் தவிர எல்லாமே ஆங்கிலத்தில்தான் நடக்கும்.

அந்த ஆண்டு நாலாம் பாரத்தில், அதாவது இன்றைய ஒன்பதாம் வகுப்பில், பெரும்பாலோர் கணக்கில் தோற்றுப்போனார்கள். "பொம்பளப் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா ஏறாது. அடுத்த வருஷம் அத எடுத்துட்டுத் தையல் வகுப்பக் கூட்டிருவோம்" என்றார் தலைமையாசிரியை. அப்படிச் செய்தால் மருத்துவம் படிக்க நினைத்திருந்த ஓரிரு பெண்களின் ஆசையும் அதோடு முடிந்துவிடும்.

கணக்கு டீச்சர் பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண், அதிகம் பேசமாட்டார். அன்று பேசினார். "ஏறலன்னு எப்படிச் சொல்லுதீங்க? கணக்கு ஏறலையா, இங்கிலீஷ் ஏறலையா? ஒரு மாசம் குடுங்க, பாத்துச் சொல்லுதேன்."

கணக்கிலும், ஒப்பிட்டுப் பார்க்க என் விஞ்ஞானத்திலும், பாதி வகுப்புக்கு ஆங்கிலத் தாள், மீதிக்குத் தமிழ்த் தாள். மறுவாரம் புதுக் கேள்விகளோடு மாற்றிக் கொடுத்தோம். பெயருக்குப் பதில் எண் மட்டும். அவர் தாள்களை நான் திருத்தினேன், என் விஞ்ஞானத் தாள்களை அவர். கணக்கில் முடிவு பளிச்சென்று தெரிந்தது. ஆங்கிலத்தில் தொடக்கூட முடியாமல் விட்ட அதே வகைக் கணக்குகளை அந்தப் பெண்களே தமிழில் மளமளவென்று போட்டிருந்தார்கள்.

விஞ்ஞானத்தில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. இரண்டு மொழியிலும் ஒரே தோல்வி.

சேத்தூரிலிருந்து வந்த மாணவி ஒருத்தியை அழைத்து ஏன் என்று கேட்டேன். பயப்படாமல் சொன்னாள்: "ஆவி சுருங்குதல்னு மனப்பாடம் பண்ணத்தான சொன்னீங்க டீச்சர். அது என்னன்னு சொல்லலையே."

முடிவுகளைத் தொகுத்து எழுதிக்கொண்டிருந்த அறிக்கையிலிருந்து என் பாடத்தை விட்டுவிடும்படி கணக்கு டீச்சரிடம் கெஞ்சினேன். "உங்களுக்குச் சங்கடந்தான், தெரியுது. ஆனா பிடிச்சத மட்டும் எழுதினா, இது வெறும் வக்காலத்து. நீங்க வேண்டாம்னா மொத்தத்தையும் கிழிச்சிருதேன்" என்றார். மருத்துவம் படிக்க நினைத்த அந்தப் பெண்களின் முகங்கள் கண்முன் வந்தன. என் பாடத்துக்கான பக்கத்தை நானே எழுதிக் கையெழுத்திட்டேன்.

மேற்பார்வைக்கு வந்த இன்ஸ்பெக்டர் அம்மாள் அறிக்கையை இரண்டு முறை படித்தார். "இந்த விஞ்ஞான டீச்சர் யாரு?" எழுந்து நின்றேன். "தமிழ்ல கேட்டா எல்லாம் சரியாயிரும்னு எழுதியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். உங்க பக்கத்தப் பாத்துத்தான் நம்புறேன்" என்றார். அல்ஜீப்ரா தப்பித்தது. கணக்கைத் தமிழில் விளக்கவும் வாய்மொழியாக அனுமதி கிடைத்தது.

இன்று தமிழில் பாடநூல்கள் அடுக்கடுக்காக வருகின்றன. மொழி மாறினால் போதும் என்பவர்களிடம் என் தோல்வியைத் தயங்காமல் சொல்கிறேன்.

இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்துபோனதற்கு அடுத்த திங்கட்கிழமை அடுப்பும் கெண்டியும் வகுப்புக்குக் கொண்டுபோனேன். கொதித்த நீரின் ஆவிக்கு எதிரே குளிர்ந்த சிலேட்டைப் பிடிக்கச் சொன்னேன். துளிகள் திரண்டு வழிந்தன. சேத்தூர்ப் பெண் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இம்புட்டு நாளும் இதையா டீச்சர் எழுதிக்கிட்டு இருந்தோம்?"